ஏழு எண்ணுவதற்குள் வந்த டிரம்

பதினேழு வருடமாகப் பூங்கனி பார்த்த வேலையைச் சொன்னால் சிரிப்பு வரும். டிரம்முக்கு முன்னால் கிடக்கும் கட்டையை உருவுவது, அவ்வளவுதான்.

கீரிப்பாறைக்கு ஏறுகிற வழியில் ஒரு ரப்பர் களம். மேலே ரோடு, கீழே சரக்கு வைக்கும் கிட்டங்கி, நடுவே சரிவில் இரண்டு தென்னந்தடிகள். சிரட்டையிலேயே உறைந்துபோன ரப்பர் பாலை, ஒட்டுபால் என்பார்கள், டிரம்மில் இடித்து அடைத்து அந்தத் தடிகளின்மேல் உருள விடுவார்கள். “வருதேய்!” என்று கூவிவிட்டு அவள் கட்டையை உருவுவாள். கீழே அவள் புருஷன் தாணு, முந்தின டிரம் தள்ளிவிட்ட லாரி டயரை இழுத்து இடத்தில் போட்டுவிட்டு விலகுவான். சரியாக ஏழு எண்ணும்போது ‘தொம்’ என்று டிரம் வந்து டயரில் முட்டும். இடையில் பலாமரம் மறைப்பதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. மேலே அவள் எண்ணுவாள், கீழே அவன் எண்ணுவான். புருஷன் பெண்டாட்டிக்குள் இவ்வளவு ஒற்றுமை வேறு எதில் இருக்கிறது, சொல்லுங்கள்! டயரை முன்னாலேயே போட்டுவிட்டு அவளைக் கூவச் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். பழக்கம் என்று ஒரு சவம் இருக்கிறதே.

போன ஆனி மாதம் முதலாளி ஜெயசிங், உறையாத பாலையும் வாங்க ஆரம்பித்தார். அமோனியா கலந்தால் பால் தண்ணீராகவே நிற்கும். அதை டிரம்மில் தளும்பத் தளும்ப நிரப்பி மூடி வைத்திருந்தார்கள்.

“இது உள்ள கெடந்து ஆடும்லா, முதலாளி?” என்றாள் பூங்கனி.

“ஆடினா மெதுவாத்தான் வரும். எடை ரெண்டுக்கும் ஒண்ணுதான். நீ கட்டையை எடு.”

எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து... ஆறு என்று அவள் வாய் திறக்கும் முன்னே கீழே சத்தம். டயரில் முட்டுகிற சத்தம் இல்லை அது. பின்னாலேயே தாணுவின் அலறல். ஐயோ, அப்படி ஒரு அலறலை அவள் கேட்டதே இல்லை! கையில் கட்டையோடு அப்படியே நின்றாள். சிஜின் என்கிற லோடுமேன்தான் அவளைக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனான்.

ஆஸ்பத்திரியில் தாணுவின் வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அன்று காலையில்தான் களத்து வாசலில் நாலு பேர் கேட்க, “நீங்க ஒழிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி!” என்று அவள் அவனைப் பார்த்துக் கத்தியிருந்தாள். முந்தின நாள் கல்யாண வீட்டில் அவன் குடித்துவிட்டு விழுந்து கிடந்த கோபம். வாயா அது, என்ன எழவு வாயோ! ஊர் சும்மா இருக்குமா? பூங்கனி டிரம்மைத் தள்ளிவிட்டாள் என்று பேச்சு. கட்டையை உருவுவதோடு சரி, ஒரு டிரம்மிலும் அவள் விரல் பட்டதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று பேசாமல் இருந்தாள்.

வீட்டுக்கு வந்த ஒன்பதாம் நாள் தாணுவே கேட்டான். “ஏட்டி, உள்ளதைச் சொல்லு. நீ தள்ளினியா?”

 அவள் எழுந்து கொல்லைக்குப் போய் அவன் துணியை அலச உட்கார்ந்தாள். மனசு கொதித்த வெப்ராளத்தில் வாளியைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருகு திருகினாள். வாளி திரும்பியது. உள்ளே சோப்பு நுரை இருந்த இடத்திலேயே நின்றது. இன்னொரு தரம் திருகினாள். அப்போதும் தண்ணீர் கூடவே சுற்றவில்லை.

நேரே களத்துக்குப் போய் முதலாளி முன்னால் நின்றாள். “ரெண்டு டிரம்மையும் மாத்தி மாத்தி விட்டுப் பாப்போம். கீழ ஒருத்தரும் நிக்கப்பிடாது. கட்டையை நீங்களே உருவுங்க. நான் தொடமாட்டேன்.”

முதலாளி உருவினார். சிஜின் தள்ளி நின்று செல்போனில் படம் பிடித்தான். ஒட்டுபால் டிரம் ஏழில் போய் முட்டியது. பால் டிரம் ஆறு ஆகும் முன்னே. முதலாளி நம்பவில்லை. மூன்று தரம் விட்டுப் பார்த்தார், மூன்று தரமும் அதே கதைதான்.

“கட்டி டிரம்முன்னா உள்ள உள்ளதையும் சேத்துச் சுத்திக் கறக்கிட்டுல்லா வரணும், அதுல வேகம் போவுது,” என்றாள் பூங்கனி. “இதுல தகரம் மட்டுந்தான் கறங்குது. பால் சும்மா சறுக்கிட்டு வருது.”

வீட்டில் தாணு அந்தப் படத்தைப் பார்த்தான். உதடு அசைய எண்ணினான். திரும்பவும் பார்த்தான். பிறகு கண் நிறைந்து, “நான் ஒரு மடையன், பூங்கனி. மனசுல வச்சுக்கிடாத,” என்றான்.

அவள் செல்போனை வாங்கி வைத்தாள்.

“டிரம் ஏன் வேகமா வந்துதுன்னு கண்டுபிடிச்சாச்சு. உங்களைக் கொல்ல நினைப்பேன்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு? அதைச் சொல்லுங்க.”