எனக்கு மட்டும் ‘நீங்கள்’

குழாய் போடுகிறவளை யாருக்கும் பிடிக்காது. விழுங்க முடியாதவர்களுக்கு மூக்கு வழியாகவோ வயிற்றில் சின்னத் துளையிட்டோ குழாய் வைத்து, அதன் வழியே பால் போன்ற சத்துணவு கொடுத்து, எடை இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் என் வேலை. சாதாரணத் தாதியாக வந்தவள், மேலே படித்து நேர்ஸ் பிராக்டிஷனர் ஆனேன். மருந்து எழுதலாம், குழாயை மாற்றலாம், கழற்றலாமா வேண்டாமா என்று நானே முடிவெடுக்கலாம். இத்தனை வந்தும் என்னைக் கண்டவுடன் நோயாளிகளின் முகம் சுருங்குவது மட்டும் நிற்கவில்லை. இனி வாயால் சாப்பிட முடியாது என்ற செய்தியோடு வருகிறவளைப் பார்த்து யார்தான் சிரிப்பார்கள்?

எங்கள் குழுவிலேயே இன்னொருத்தி இருக்கிறாள். விழுங்கப் பழக்கும் சிகிச்சையாளர். கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிட வெகு இளையவள். மாதக்கணக்கில் நான் புண்ணைத் துடைத்து, அடைத்துக்கொண்ட குழாயோடு வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து மல்லுக்கட்டி, ஆளைத் தேற்றி எடுத்து வைத்திருப்பேன். கடைசியில் அவள் ஒரு கரண்டி தயிரோடு வருவாள். நோயாளி விழுங்குவார், அழுவார். வீட்டார் போனில் படம் எடுத்துவிட்டு அவளைக் கட்டிப்பிடிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று ஈயென்று இளிப்பேன். உள்ளே வயிறு பற்றி எரியும்.

சும்மா சொல்லக்கூடாது, அவள் நல்ல பிள்ளை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் நிம்மதியாகப் பொறாமைப்பட்டிருப்பேன்.

இங்கே பக்கத்துச் சான்ட்ரிங்ஹாம் பகுதியிலிருந்து ஒரு ஐயா எங்களிடம் வந்தார். யாழ்ப்பாணத்தவர், இங்கே பல வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். புற்றுநோய்க்குக் கதிர் வைத்ததில் தொண்டை வெந்துபோய், வயிற்றில் குழாயோடு இருந்தார். அவர் வாயைத் திறந்ததுமே எனக்கு உள்ளுக்குள் ஒரு துள்ளல். என் ஊருக்கு அடுத்த ஊர்! இவராவது என்னுடைய ஆள் என்று நினைத்தேன். அவரோ, “ஓம் டொக்டர், நீங்கள் சொன்னாச் சரி,” என்று கையைக் கட்டிக்கொண்டார்.

“நான் டொக்டர் இல்லை ஐயா, நேர்ஸ்.”

“ஓம் டொக்டர்,” என்றார்.

எங்கள் பக்கத்தில் ‘நீங்கள்’ என்பது மரியாதை, ‘நீ’ என்பது உரிமை. இரண்டுக்கும் நடுவில் ‘நீர்’ என்று ஒன்று இருக்கிறது. மனதுக்குப் பிடித்துப்போன இளையவர்களிடம் பெரியவர்கள் சொல்வது. வாரும், இரும், நீர் சாப்பிட்டீரோ என்பார்கள். என் அப்பாவுக்குப் பிறகு என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை. இந்த ஊரில் யார் கூப்பிடுவது?

கோயம்புத்தூர்க்காரி அதை முதல் நாளே வாங்கிவிட்டாள். அதுவும் எப்படி! ஐயா கரகரத்த குரலில் “நீர்...” என்று தொடங்கி, மூச்சு வாங்க நிறுத்தினார். நீர் எந்த ஊர் என்று கேட்கத்தான். இவள் பதறிப்போனாள்.

“தண்ணி இப்ப வேண்டாம் அங்கிள்! தண்ணிதான் சட்டுனு புரையேறும். முதல்ல கொஞ்சம் தயிர் ட்ரை பண்ணலாமா?”

ஐயாவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு சிரித்தார் பாருங்கள், தோள் குலுங்கக் குலுங்க! கதிர் வைத்த பிறகு மனிசன் சிரித்தது இன்றைக்குத்தான் என்று அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவளைக் கண்டால் “நீர் வந்திட்டீரோ?” என்பார். “தண்ணி வந்துடுச்சு அங்கிள்,” என்பாள் அவள். இருவரும் சிரிப்பார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நிற்பேன்.

இதை வீட்டில் சொல்லிப் புலம்பியபோது, மகள் போனிலிருந்து தலையைத் தூக்காமலே, “அம்மா, யூ ஆர் ஸோ ஜெலஸ்,” என்றாள்.

“ஓமடி, ஜெலஸ்தான். இப்ப அதுக்கென்ன?” என்றேன்.

இங்குள்ள எங்கள் கோயிலில் திருவிழாவுக்குக் கொடியேறப்போகிற சமயம் அது. தேருக்கு முன் குழாயைக் கழற்றியே ஆகவேண்டும் என்று ஐயா ஒரே பிடியாக நின்றார். எங்கள் கோயில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். வயிற்றில் தொங்கும் குழாயோடு எப்படிச் சனத்துக்கு முன்னால் நிற்பது? சாமியை விட்டுவிட்டு எல்லாரும் தன் வயிற்றைத்தான் பார்ப்பார்கள் என்றார். கோயம்புத்தூர்க்காரியின் அறிக்கையும் அவர் பக்கம்தான் இருந்தது. புரையேறாமல் விழுங்குகிறார், வீட்டில் நன்றாகச் சாப்பிடுவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். என் தராசு வேறு கதை சொன்னது. எடை இறங்கிக்கொண்டே போனது.

“இப்ப கழற்றேலாது ஐயா. வேணுமெண்டால் இந்த நீளக் குழாயை எடுத்துப்போட்டு, தோலோடை ஒட்டினமாதிரி ஒரு பட்டன் வைக்கலாம். அதுக்காலையும் சாப்பாடு குடுக்கலாம்.”

“பட்டனும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நான் நல்லா விழுங்கிறன் எண்டு அந்தப் பிள்ளை சொல்லுது. உங்களுக்கு என்னிலை ஏதும் கோபமோ?”

சுருக்கென்றது. வீட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும்போதும் அந்தக் கேள்விதான். எடையைப் பார்த்துத்தான் மாட்டேன் என்றேனா, அல்லது அவள் கொடுத்த சந்தோஷத்தில் கொஞ்சம் மண் போடப் பார்த்தேனா? கழற்றிவிட்டு அவர் இன்னும் மெலிந்தால், மறுபடி துளையிடுவதை அந்த உடம்பு தாங்காது. நான் வீணாக மறுத்திருந்தால் தேர் போய்விடும். அடுத்த வருஷத் தேருக்கு அவர் இருப்பார் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அடுத்த கிழமை வரச்சொல்லி மறுபடி நிறுத்துப் பார்த்தேன். இன்னும் இறங்கியிருந்தது. “நான் நல்லாத்தான் சாப்பிடுறன்,” என்று அவர் தொடங்கவும் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

“பொய் சொல்லாதேங்கோ! வீட்டிலை ரெண்டு கரண்டிக்கு மேலை இறங்குதே? புட்டை வாய்க்குள்ளை வச்சுக்கொண்டு முழிச்சபடி இருக்கிறியள். குழாயாலை குடுக்கவும் விடுறியளில்லை. அந்தப் பிள்ளைக்கு முன்னாலை மட்டும் பெரிய வீரம்.”

ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாயிலை ஈரமே இல்லை. எதை வச்சாலும் மண் மாதிரிக் கிடக்கு,” என்றார். “அது பாவம், ஆசையாக் கரண்டியோடை வருது. ஏலாதெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

நான் மறுத்தது சரிதான் என்று தெரிந்துவிட்டது. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்காக மண்ணையும் விழுங்குகிறாரே இந்த மனிசன் என்ற ஆற்றாமைதான் வந்தது.

“சரி, அந்தப் பட்டனையே வையுங்கோ,” என்றார் மெதுவாக. “ஆனா அந்தப் பிள்ளைக்கு இதைச் சொல்லிப்போடாதேங்கோ. மனம் நொந்துபோகும்.”

“சொல்லாமல் இருக்கேலாது ஐயா. அவவும் உங்களைப் பாக்கிறவ. பக்குவமாச் சொல்லுறன்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. “அவவுக்கு நோகும். எனக்கு நோகாதோ? இவ்வளவு நாளும் நான் என்ன கல்லோ?”

மனைவி திகைத்துப்போனார். நோயாளியிடம் பேசுகிற பேச்சா அது? ஐயா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கையைக் கட்டிக்கொள்ளவில்லை, டொக்டர் என்று சொல்லவில்லை.

“உமக்கும் நோகும்தான்,” என்றார். “ஆனா நீர் தாங்குவீர்.”

இத்தனை மாதம் ஏங்கிக் கிடந்த சொல், இப்படியா வந்து சேர வேண்டும்! அவளுக்கு அது சிரிப்போடு போனது. எனக்குச் சுமையோடு வந்திருக்கிறது. அதற்கும் ஒரு கணம் பொறாமைப்பட்டேன். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டன் இருந்த பெட்டியை உடைக்கப் பார்த்தேன். கண்ணீர் மறைத்ததில் அது சுலபமாகத் திறக்கவில்லை.

“சட்டையைத் தூக்குங்கோ ஐயா,” என்றேன். “கோயிலுக்குப் போகேக்கை சால்வையை இடுப்பிலை கொஞ்சம் ஏத்திக் கட்டுங்கோ. ஒருத்தருக்கும் தெரியாது.”