ஸ்கேகன் பஸ்ஸில் ஒரு மனேஜர்

சண்முகலிங்கம் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் பன்றி இறைச்சி வெட்டியவர். அவர் ஓய்வுபெற்றதும், குடும்பத்தின் முதல் பட்டதாரியான மகள் சாரங்கி அவரைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துவந்திருந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் பெரிய படிப்புப் படித்தவர்களாகத் தெரிந்ததால், மூன்று நாளாக அவர் யாரோடும் வாய் திறக்கவில்லை.

ஸ்கேகன் துறைமுகத்தில் இறங்கிக் கடல்முனைக்குப் போகும் பஸ்ஸில் ஏறினார்கள். முன்னிருக்கையில் இருந்த, அதே கப்பலில் வந்த கிழவர் சாரங்கியிடம் திரும்பி, "அப்பா என்ன வேலை பார்த்தார்?" என்று டேனிஷில் கேட்டார்.

"இறைச்சித் தொழிற்சாலையில் மனேஜர்."

யோசிப்பதற்குள் சாரங்கியின் வாய் முந்திக்கொண்டது.

கிழவரின் முகம் மலர்ந்து, பிறகு வாடியது. "நான் ரண்டர்ஸ் இறைச்சித் தொழிற்சாலையில் முப்பது வருடம் எலும்பு பிரித்தவன். மனேஜர்மாரோடு எங்களுக்குச் சரிவராது," என்று சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

அப்பாவுக்கு டேனிஷ் நன்றாக விளங்கும். கத்தி பிடித்து வளைந்துபோன விரல்களை மெல்ல மடித்து வைத்துக்கொண்டார். அந்தக் கப்பலில் அவரோடு மனம்விட்டுக் கதைக்கக்கூடிய ஒரே மனிதர் ஒரு முழத் தூரத்தில் இருந்தார். உண்மையைச் சொல்லிவிட சாரங்கி இரண்டு முறை வாயெடுத்தாள். பொய்க்காரி என்று தெரிந்துவிடுமே என்ற பயத்தில் இரண்டு முறையும் யன்னலைப் பார்த்தாள்.

பஸ் நின்றதும் அப்பா அவள் காதருகே குனிந்தார்.

"பிள்ளை, திரும்பி வரேக்க அந்தாள் கேட்டால், எந்தப் பகுதிக்கு மனேஜர் எண்டு சொல்லுறது? ரெண்டு பேரும் ஒண்டையே சொல்லவேணும்."