கோதையின் மைக்ரோவேவ்

தென்னூர் லேபில் காலை வேலையைத் தொடங்கும்போதே ஸ்ரீரங்கத்திலிருந்து கோதையின் தம்பி போன் செய்தார். "நசீமாக்கா, அக்கா போயிட்டா." இன்னா லில்லாஹி என்றது வாய்.

டாக்டர் கோதையும் நானும் பல வருடம் ஒரே அறையில் உட்கார்ந்து, நோயாளிகளிடம் எடுத்த சதைத் துண்டுகளில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்தவர்கள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அவள் வாயும் தெரியும்.

துண்டைப் பதப்படுத்தி, மெழுகேற்றி, சீவிப் பார்ப்பதற்குள் அப்போதெல்லாம் ஒரு ராத்திரி போய்விடும். மைக்ரோவேவில் வைத்தால் சில மணி நேரம் போதும் என்று படித்துவிட்டு வந்தாள். "நாம தூங்கிடறோம் நசீமா. ரிசல்ட்டுக்குக் காத்துண்டிருக்கறவா தூங்குவாளா?" என்றாள்.

சோதித்துப் பார்க்க ஆட்டு ஈரல் வேண்டும். நான் வாங்கி வருகிறேன் என்றேன், கேட்டால்தானே! நெற்றியில் ஸ்ரீசூர்ணத்தோடு கறிக்கடையில் போய் நின்றாள். கடைக்கார பாய் திகைத்துப்போய், "கொழம்புக்காம்மா, வறுவலுக்கா?" என்றார்.

"மைக்ரோஸ்கோப்புக்கு. சின்னதா வெட்டுங்கோ."

அந்த முதல் ஈரல் சுண்டைக்காய் வற்றலாகச் சுருங்கிவிட்டது. "இது உங்காத்துக்கும் ஆகாது, லேபுக்கும் ஆகாது" என்று அவளே சிரித்தாள். சூட்டைக் குறைத்துக் குறைத்து ஒரு வழியாகப் பிடிபட்டது.

போன வருடம் அவள் மார்பிலேயே கட்டி. ஊசியால் எடுத்த துண்டை அவளே கொண்டுவந்தாள். அன்று மைக்ரோவேவில் இடமில்லை. உள்ளே இருந்தவற்றில் ஒன்று லால்குடிப் பெண்ணுடையது. கைக்குழந்தையோடு வாசல் பெஞ்சில் காத்திருந்தாள்.

"ஒண்ண எடுத்துட்டு உன்னோடத வைக்கிறேன்" என்றேன்.

கோதை மைக்ரோவேவ் கதவை மறித்து நின்றாள். "வேண்டாம். என்னோடது ராத்திரி வரிசையில வரட்டும். எனக்குத் தொட்டப்பவே தெரிஞ்சுடுத்து. வெளியில உக்காந்திருக்காளே, அவளுக்குத் தெரியாது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. போடி பைத்தியமே என்று கத்தினேன். அவள் நகரவில்லை.

சாயங்காலமே லால்குடிப் பெண்ணுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அதை வாசலுக்குப் போய்ச் சொன்னவள் கோதைதான். மறுநாள் அவளுடைய ஸ்லைடை நான் பார்த்தேன். அவள் கை சொன்னது சரியாகத்தான் இருந்தது. பாத்ரூமில் போய் அழுதேன்.

மைக்ரோவேவ் லேபின் சொத்து. அது அங்கேயே இருக்கும். எனக்கென்று அவளிடமிருந்து ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டிருக்கிறேன். துண்டுகளை உள்ளே வைக்குமுன் வாசல் பெஞ்சை எட்டிப் பார்ப்பேன். தம்பி போன் செய்த அன்றும் பார்த்தேன். சமயபுரத்து அம்மா ஒருவர், முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சாயங்காலம் நானே வந்து சொல்றேம்மா" என்றேன். அவருடையதை முதலில் வைத்துவிட்டுத்தான் ஸ்ரீரங்கத்துக்குக் கிளம்பினேன்.