தோட்டத்து வருகைப் பதிவேடு

ஏழு வயதில் அரை வருஷ காலம் நான் வெண்டைச் செடியாக இருந்தேன். அவரைக் கொடியாகவும் புடலையாகவும்கூட இருந்தேன். அண்ணன் கத்தரி, மிளகாய், முள்ளங்கி. இப்போது யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அப்போது அது எங்கள் இருவருக்கும் பெரிய பொறுப்பு.

அறுபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. இரும்புலியூரில், ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, பின்னால் ஒரு கிணறு. கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே வெறும் செம்மண் தரை. மத்தியான வேளைகளில் தலைக்கு மேலே பயிற்சி விமானம் ஒன்று சோம்பேறித்தனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் நிழல் அந்த வெறுந்தரையில் ஓடி வேலி தாண்டிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்பா தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிப் பீச் ஸ்டேஷன் பக்கத்து அலுவலகம் ஒன்றுக்குப் போய்வருகிற குமாஸ்தா. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் டீச்சர் ட்ரெயினிங் முடித்து, இரண்டு வருஷம் வேலையும் பார்த்தவள். அண்ணன் பிறந்ததும் விட்டுவிட்டாள். அம்மா ஒரு காலத்தில் டீச்சராக இருந்தாள் என்பதையும், எங்கள் ஏரியில் ஒரு காலத்தில் முதலை இருந்தது என்பதையும் நான் ஒரே மாதிரித்தான் நம்பியிருந்தேன்.

நான் இரண்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதத்தில் அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை எழுதியிருந்தார். அம்மாவை அவருக்குப் பழைய நாளிலிருந்து தெரியும். ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருந்தார். அப்பா சாயங்காலக் காப்பியைக் குடித்தபடியே படித்துவிட்டு, பழைய மடிப்பிலேயே மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பசங்க சின்னதுங்க. இப்ப வேணாமே."

கோபமாகச் சொல்லவில்லை. அப்பா கோபப்படுகிறவர் இல்லை. அதனால் அவரோடு சண்டை போடவும் வழி கிடையாது. அம்மா "சரி" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா கொல்லையில் நின்று கடப்பாரையால் அந்தத் தரையைக் கொத்திக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முகமெல்லாம் செம்மண். நாங்கள் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்து குழம்பின் காரம் பட்டு எரிந்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பரிமாறினாள். "என்ன திடீர்னு?" என்று அப்பா கேட்டார். "சும்மாதான் கெடக்குது எடம்" என்றாள் அம்மா.

முதல் மழைக்கு விதைகள் முளைத்தன. முளைத்த அன்று காலை, அப்பா ரயிலுக்குக் கிளம்பிப் போன பிறகு, அம்மா எங்களைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டாள். கையில் ஒரு நீள நோட்டு இருந்தது. ஒவ்வொரு பக்கத்திலும் சிவப்பு மையால் கட்டங்கள் போட்டிருந்தாள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பெயர்கள். நேராக நின்று, எங்களுக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில் படித்தாள்.

"கத்தரி."

செடிகள் என்ன செய்யும் என்று நானும் பார்த்தேன். அண்ணன்தான் புரிந்துகொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றான்.

"வெண்டை."

"உள்ளேன் டீச்சர்" என்று நான் கத்தினேன். என் வகுப்பில்கூட நான் அப்படிச் சத்தமாகச் சொன்னதில்லை.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அப்பாவின் ரயில் கூவிவிட்டுப் போகிற சத்தம் கேட்டதும், லீவு நாளில் அவர் கடைத்தெருவுக்குப் போனதும், நோட்டு வெளியே வரும். எந்தச் செடி எப்படி இருக்கிறதோ, அதற்கு ஏற்ற குரலில் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். பூச்சி விழுந்த மிளகாய்க்காக அண்ணன் இருமிக்கொண்டே சொல்வான். பாகல் கடைசிவரை முளைக்கவே இல்லை, தினமும் அதற்கு ஆப்சென்ட். வேலி ஏறி அடுத்த மனைக்குள் எட்டிப்பார்த்த பூசணிக் கொடியை அம்மா மெதுவாகப் பிடித்துத் திருப்பி, "எங்க வேடிக்கை, இங்க பாரு" என்பாள். அதை நாங்கள் ஒரு விளையாட்டு என்று நினைக்கவில்லை. உலகத்தில் எல்லாத் தோட்டங்களும் இப்படித்தான் நடக்கின்றன என்று நினைத்தோம்.

பிறகு காய்கள் வந்தன. அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு நாட்கள் தனித்தனியாக ஞாபகம் வருவதில்லை. வெயிலும் ஈரமும் பச்சை வாசனையும் கலந்த ஒரே நீண்ட காலையாகத்தான் வருகிறது. பனி காயாத வெண்டைப் பிஞ்சைச் செடியிலிருந்து ஒடித்து அப்படியே வாயில் போட்டால் முதலில் குளிரும், அப்புறம் வழுவழுக்கும், கடைசியில் லேசாக இனிக்கும். தக்காளியைக் கடித்துக் கடித்த இடத்தில் உப்பைத் தொட்டுக்கொண்டு கிணற்று மேடையில் உட்கார்ந்திருப்போம். சாறு முழங்கை வழியாக இறங்கும். அவரைப் பந்தலுக்கு அடியில் மல்லாந்து படுத்தால் ஊதாப் பூக்களுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரியும். விமானம் அதில் ஒரு துண்டுக்குள் போய் இன்னொன்றில் வெளியே வரும்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்க ஆரம்பித்த பிறகுதான் பறிக்க வேண்டும். "போங்க, போங்க, கொதிக்குது" என்று சமையல்கட்டிலிருந்து குரல் வரும். நாங்கள் ஓடிப் பறித்து ஓடி வந்து கொடுப்போம். கத்தரிக்காய் தன்னைச் செடியிலிருந்து பறித்துவிட்டார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் எண்ணெயில் விழுந்திருக்கும். அந்தக் கத்தரிக்காயைச் சூடான சோற்றில் வைத்து அழுத்தினால் தோல் தனியே வழுக்கி, உள்ளே வெண்ணெய் மாதிரி பிரியும். நானும் அண்ணனும் பேசாமல் சாப்பிடுவோம். எங்கள் வீட்டில் அவ்வளவு அமைதி அந்த நேரத்தில் மட்டும்தான்.

தெருவில் கீரை விற்றுக்கொண்டு வருகிற அம்மாள் ஒருநாள் வேலிக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தாள்.

"இன்னாமா, மார்க்கெட்டையே வூட்டாண்ட இட்டாந்து வச்சிகினு கீற. நான் கூடைய எங்க எறக்கறது?"

அம்மா சிரித்துக்கொண்டே அவள் கூடையில் நாலு கத்தரிக்காயைப் போட்டாள்.

அப்பாவுக்கும் சந்தோஷம்தான். ஒரு பை நிறைய அவரைக்காய் அலுவலகத்துக்கு எடுத்துப்போய் நண்பர்களுக்குக் கொடுப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். "இவளுக்குத் தோட்டம்னா உசிரு. வேற எதுவுமே வேணாம்" என்பார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

பொங்கல் கழிந்து எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை வந்தது. ஆளாளுக்குத் தங்கள் வீட்டில் விளைந்ததைக் கொண்டுபோய்ப் படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம் விடுவார்கள். நாங்கள் கொண்டுபோனது ஒரு பூசணிக்காய். அண்ணனால் தனியாகத் தூக்க முடியவில்லை. அதை ஏலத்தில் எடுத்தது வெள்ளைப் புடவை கட்டிய ஓர் அம்மாள். பல்லாவரத்துத் தலைமையாசிரியை அவர்தான். விருந்தாளியாக வந்திருந்தார். எல்லோரும் அவரைப் பெரிய டீச்சர் என்றார்கள்.

"இத நீ வளத்ததா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"ஆமா மிஸ்."

"கடிதாசுக்குப் பதில்கூடப் போடல."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, "சனிக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க மிஸ்" என்றாள்.

சனிக்கிழமை வந்தார். அது அப்பாவுக்கு விடுமுறைச் சனிக்கிழமை. முள்ளங்கி சாம்பார், எண்ணெய்க் கத்தரிக்காய், அவரைக்காய்ப் பொரியல், தக்காளி ரசம். அப்பா ஜெபம் சொன்னார். எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்தோம். அம்மா நின்று பரிமாறினாள். பெரிய டீச்சர் ஒரு வாய் அவரைக்காய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எப்பம்மா பறிச்சது?"

"நீங்க செருப்பு கழட்டும்போது" என்றேன் நான்.

அப்பா சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்தார். பெரியவர்களை ஒரே வாக்கியத்தில் சிரிக்க வைத்துவிட்ட பெருமை எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எங்களிடம் இருந்ததிலேயே பெரிய விஷயத்தை எடுத்து விட்டேன்.

"இன்னைக்குப் பாகல் மட்டும்தான் ஆப்சென்ட். மீதி எல்லாரும் வந்திருக்காங்க."

"ஆப்சென்ட்டா?"

"பாப்பா, சாப்பிடு" என்றாள் அம்மா. அவள் குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. நான் அதற்குள் எழுந்துவிட்டேன். எச்சில் கையை மேலே தூக்கிக்கொண்டு ஓடி, அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்த நோட்டை இடது கையால் இழுத்து வந்து பெரிய டீச்சரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் தொடையில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். ஆடி மாதத்திலிருந்து அன்று காலை வரை ஒருநாள்கூட விடுபடவில்லை. மழை கொட்டிய நாட்களுக்கும் கட்டம் நிரம்பியிருந்தது. அன்றெல்லாம் நாங்கள் பின்வாசலில் குடைக்குள் நின்று பதில் சொல்லியிருந்தோம்.

"பசங்களுக்கு விளையாட்டு மிஸ். சும்மா" என்றாள் அம்மா.

பெரிய டீச்சர் நோட்டை மூடி, எதிரே உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொடுத்தார்.

அப்பா முதல் பக்கத்தைத் திறந்தார். அங்கே வகுப்பு என்று எழுதியிருந்த இடம் காலியாக இருந்தது. அதற்குக் கீழே, ஆசிரியை என்ற இடத்தில் அம்மாவின் பெயர் முழுசாக, பின்னால் அவள் முடித்த படிப்போடு எழுதியிருந்தது. அப்பா அந்தப் பெயரை உதட்டுக்குள் படித்தார். அவர் அம்மாவைப் பெயர் சொல்லி நான் அதுவரை கேட்டதே இல்லை. பிறகு பக்கம் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனார். வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று தோன்றியது, ஆனால் என்ன தப்பு என்று தெரியவில்லை. அண்ணன் என் காலைக் கிள்ளினான்.

கடைசிப் பக்கம் வந்ததும் அப்பா நிமிர்ந்தார். அம்மாவைப் பார்க்கவில்லை. பெரிய டீச்சரைத்தான் கேட்டார்.

"அந்த எடம் இன்னும் காலியா இருக்குதுங்களா?"

"அது அப்பவே போயிடுச்சு சார். மூணாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போறாங்க. திங்கக்கிழமையே ஆள் வேணும்."

அப்பா நோட்டை மூடிப் பக்கத்தில் வைத்தார்.

"நான் போற வண்டியிலயே வந்துடலாம். பல்லாவரத்துல எறங்கிக்கலாம். பசங்க பூட்டு சாவி வச்சுக்கட்டும், ரெண்டும் வளந்துடிச்சு."

ஆறு மாதத்தில் நாங்கள் எவ்வளவு வளர்ந்திருப்போம் என்று தெரியவில்லை. அம்மா மோர்ச் சட்டியை எடுத்து வந்து, "மோர் ஊத்தட்டுமா மிஸ்" என்று கேட்டாள். பதில் வருமுன்னே ஊற்ற ஆரம்பித்தாள். தட்டு நிறைந்து, தரையில் ஓடி, பெரிய டீச்சரின் வெள்ளைப் புடவை வரைக்கும் போயிற்று. யாரும் அவளை நிறுத்தவில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அம்மா அப்பாவோடு ரயிலுக்குப் போனாள். காலையில் பெயர் கூப்பிட ஆளில்லை. முதல் வாரம் அண்ணனும் நானும் மட்டும் தண்ணீர் இறைத்து ஊற்றினோம். இரண்டாவது வாரம் அண்ணனுக்குக் கோலி விளையாட்டு வந்துவிட்டது. மாசி வெயில் ஏறியது. வெண்டை முற்றி நார் நாராக நின்றது. அவரைப் பந்தல் பழுப்பாகி ஒருநாள் காற்றில் சாய்ந்தது. எனக்கு அது தாங்கவில்லை. போன டீச்சரம்மா குழந்தை பெற்றுத் திரும்பி வந்தும் அம்மாவைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். பெரிய டீச்சருக்கு ஏன் அவரைக்காய் பிடித்தது என்று அவர் மேல் எனக்குக் கோபமாக வந்தது.

"தோட்டம் செத்துப்போச்சு. உன்னாலதான்" என்று ஒரு சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரயிலைவிட்டு இறங்கி அப்போதுதான் வந்திருந்தாள். "ஆமால்ல" என்று சன்னல் வழியாக எட்டிப்பார்த்தாள். அவ்வளவுதான். வருத்தப்படவே இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் கடைசி நேரத்தில் வாங்கிய கத்தரிக்காய் அவள் பையில் இருந்தது. வாடிச் சுருங்கி, பாதிக்குமேல் பூச்சி.

அன்று ராத்திரிக் குழம்பு கசந்தது. அப்பா கத்தரித் துண்டுகளைத் தட்டின் ஓரமாக ஒதுக்கினார். நான் துப்பிவிட்டேன். அம்மா மட்டும் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். மூணாம் வகுப்பில் ஒரு பெண் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடிக் காட்டியதைச் சொல்லிக்கொண்டே, நடுவில் தானே சிரித்துக்கொண்டே, விரலால் வழித்துச் சாப்பிட்டாள். அப்பா அவள் பேசுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செடியிலிருந்து நேராக எண்ணெயில் விழுந்த கத்தரிக்காயைக்கூட அம்மா அவ்வளவு ருசித்துச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தினமும் ரயில் தூசியையும் சாக்பீஸ் தூளையும் விழுங்கி அம்மாவின் நாக்கு மரத்துப்போய்விட்டது என்று படுக்கும்போது அண்ணனிடம் சொன்னேன். அவனும் அப்படித்தான் இருக்கும் என்றான்.