சடையப்பன் சொன்னால் பம்புதான்

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையில் சடையப்பனின் லாரி ஷெட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. டீசல் வண்டி வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் கை காட்டிவிடுவார்கள். மீசை முளைத்த வயதிலிருந்தே லாரிகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வாழ்ந்த மனிதர். கை சுத்தம், வேலை சுத்தம். குறை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், அவசர வாய். வண்டி ஷெட்டுக்குள் வந்து நிற்பதற்குள்ளேயே நோய் இன்னதென்று சொல்லிவிடுவார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். இல்லாமல் போன சமயங்களை ஊர் மறந்துவிட்டது. அவரும் மறந்துவிட்டார்.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி புகை டெஸ்டில் தேறாவிட்டால் மெக்கானிக் டிரைவரைக் கைகாட்டுவான், டிரைவர் மெக்கானிக்கைக் கைகாட்டுவான். முதலாளியின் காதில் எவன் பேச்சு முதலில் விழுகிறதோ அவன் பிழைத்தான். டிரைவர்கள் மேலும் தப்பில்லாமல் இல்லை. குவாரியிலிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு மேடேற வேண்டியிருப்பதால், இழுவை கூடட்டும் என்று சிலர் டீசல் பம்பின் ஸ்க்ரூவைத் திருகிவிடுவார்கள். டீசல் அதிகமாகப் பாயும், வண்டி துள்ளிக்கொண்டு ஏறும், பின்னால் கரிப்புகை கக்கும். அதனால் 'பம்ப் திருகிட்டான்' என்று ஒரு மெக்கானிக் சொன்னால் மறுபேச்சுப் பேச ஆளில்லை.

ஜல்லி வியாபாரி மோகனின் பழைய லாரி காஞ்சிபுரத்தில் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போய்ப் புகை டெஸ்டில் விழுந்த அன்றும் அதுதான் நடந்தது. சடையப்பன் ஒரு டிப்பருக்கு அடியில் படுத்திருந்தபோது மோகனிடமிருந்து போன் வந்தது.

"அண்ணே, வண்டி பெயிலாயிடுச்சு. மெஷின வெச்சிட்டு ஆக்ஸிலேட்டர ஒரு அழுத்து அழுத்துனா காக்கா கலர்ல தள்ளுது. கீறவனெல்லாம் சிரிக்கிறான். போன வாரம்தான இஞ்சின பாத்த நீ?"

அந்தக் கடைசிக் கேள்வி அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் பாத்து அனுப்புன வண்டி எப்டிப்பா புகையும்? ஓட்றவன் பம்ப திருகிக்கீறான். வேற இன்னா?"

"வீரா அப்டிலாம் பண்ற ஆள் இல்லியேண்ணே. வண்டி மூச்சு முட்டுது, இழுக்கலன்னு காலைலேர்ந்து சொல்லிகினே கீறான்."

"திருகுனவன் வேற இன்னா சொல்வான்? பம்புதான்."

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு மறுபடியும் ஸ்பேனரை எடுத்தார். ஒரு மனிதனின் பிழைப்பைப் பற்றிய பேச்சுக்கு அவர் செலவிட்ட யோசனை அவ்வளவுதான்.

டிரைவர் வீரபத்திரன் பக்கத்தில் உள்ள பெருநகர் என்ற ஊர்க்காரன். மகள் கீர்த்தி கைக்குழந்தையாக இருந்தபோது அந்த லாரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இப்போது அவள் கல்லூரிக்குப் போகிறாள். அன்று எஃப்.சி. மைதானத்தில் வரிசை கட்டி நின்ற மற்ற டிரைவர்களின் கண்ணெதிரே மோகன் அவனிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டான். "உப்பு போட்டு சோறு துன்றவன்தான நீ?" என்றும் கேட்டுவிட்டான். வீரபத்திரன் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தான்.

மறுநாள் மோகனே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் விட்டுவிட்டு, எதிரே டீக்கடையில் போய் உட்கார்ந்தான். சடையப்பன் முதலில் பம்பைத்தான் பார்த்தார். ஸ்க்ரூவில் அவரே கம்பி கோத்து ஈயத்தை வைத்து நசுக்கியிருந்த சீல், வைத்தது வைத்தபடியே இருந்தது. அதன்மேல் படிந்திருந்த அழுக்குகூடக் கலையவில்லை. யாரும் தொடவில்லை என்பதற்கு அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

அப்போதே ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொல்லியிருக்கலாம். உண்மையான காரணம் இன்னதென்று தெரிந்த பிறகு சேர்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார்.

புகை நீலமாக வந்தால் இஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. வெள்ளையாக வந்தால் டீசல் எரியாமல் போகிறது. இது கருப்பு. கருப்பென்றால் ஒன்று டீசல் அதிகம், இல்லாவிட்டால் காற்று போதவில்லை. நாசில்களைக் கழற்றிப் பார்த்தார், டீசல் பனி மாதிரி சன்னமாகப் பீய்ச்சியது. வால்வுகளின் டேப்பெட் இடைவெளியும் சரி. ஏர் பில்டரைத் திறந்தார், போன வாரம் போட்டது, புதுசு கலையாமல் இருந்தது. கடைசியில் பில்டருக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயை மட்டும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தார். புகை மெலிந்து, இருக்கிறதா இல்லையா என்று ஆனது. குழாயை மாட்டி மிதித்தார். கரி கரியாக வந்தது.

கேபினுக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் அந்தக் குழாய் வழியாகத்தான் வண்டி மூச்சிழுக்கும். கம்பியை வளைத்துக் கொக்கி செய்து உள்ளே விட்டார். வளைவில் ஏதோ சிக்கியது. பிடித்து இழுத்தார். வெளியே வந்தது ஒரு துணி. பச்சைக் கட்டம் போட்ட பழைய லுங்கியின் கிழிசல்.

அவருடைய லுங்கி.

எஃப்.சி.க்குப் போகும் லாரியை அந்தப் பக்கத்தில் பெயிண்ட் அடிக்காமல் அனுப்ப மாட்டார்கள். பெயிண்ட் ஷெட்டுக்குப் போகும்முன் குழாய் வாயில் துணியை அடைத்துவிடுவது சடையப்பன் வழக்கம். ஸ்ப்ரே அடிக்கும் தூசி பில்டருக்குள் போகக் கூடாதாம். மற்ற மெக்கானிக்குகளுக்கு இந்தக் கரிசனம் கிடையாது என்று பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். பெயிண்ட் முடிந்ததும் அவரே போய் எடுத்துவிடுவார். இந்த முறை போகவில்லை, மறந்தே போனார். இஞ்சின் இழுத்த இழுப்பில் துணி வளைவு வரைக்கும் இறங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எவனுக்கும் தெரியாது. வண்டி மூச்சு முட்டுகிறது என்று வீரபத்திரன் சொன்னது அப்படியே, எழுத்துக்கு எழுத்து உண்மை.

அந்த நேரம் பார்த்து மோகன் டீயோடு உள்ளே வந்தான்.

"இன்னாண்ணே, பம்புதான?"

பொய் சொல்ல வேண்டும் என்று அவர் திட்டம் போடவில்லை. ஆனால் துணியைக் காலால் டயருக்குப் பின்னால் தள்ளிவிட்டார். நேற்றே வாயில் இருந்த சொல் தானாக வெளியே வந்தது.

"பம்புதான். சரி பண்ணிட்டேன், எடுத்துகினு போ."

வண்டி அடுத்த டெஸ்டில் தேறியது. மோகன் போன இடத்திலெல்லாம் அண்ணன் புகழ் பாடினான், கூடவே வீரபத்திரன் பெயரையும் நாறடித்தான். குவாரிப் பக்கம் இனி எந்த முதலாளி அவனுக்குச் சாவி கொடுப்பான்? ஷெட்டுக்கு வருகிறவர்கள், "பாத்த ஒடனே புடிச்சிட்டியாமே" என்று மெச்சும்போதெல்லாம் சடையப்பன் வேலையில் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்து இன்னும் மெச்சினார்கள். இரண்டு முறை மோகனைத் தேடிக் கிளம்பிவிட்டு, பாதியில் வேறு வேலை நினைவுக்கு வந்ததாகத் திரும்பிவிட்டார்.

இப்படியே ஒரு மாதம் ஓடியிருக்கும். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் வீரபத்திரன் எதிரே வந்துவிட்டான். நீலச்சட்டை, கையில் சாப்பாட்டுப் பை. ஏதோ கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலையாம். திட்டுவான் என்று சடையப்பன் எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

"நல்லா கீறியாண்ணே? உன்ன ஒண்ணு கேக்கணும்னே இருந்தேன். பம்ப் ஸ்க்ரூ அதுவா லூசாவுமாண்ணே? நீ சொன்னா சரியாத்தான் கீது. ஆனா சத்தியமா நான் தொடல. எம்பொண்ணு கேக்குது, நீ திருகலன்னா சடையப்பன் பெரியப்பா ஏன் அப்டி சொல்லப்போறாருன்னு. நான் இன்னான்னு சொல்றது?"

சடையப்பன், "பாக்கலாம் வீரா" என்று எதற்கும் பொருந்தாத ஒன்றைச் சொல்லிவிட்டு நகர்ந்தார். வழிநெடுக அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அன்றே மோகன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். துணி, சீல், டயருக்குப் பின்னால் தள்ளியது, எல்லாம். மோகன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "உடுண்ணே. புது ஆள் நல்லாத்தான் ஓட்டிக்கினு கீறான், அவன எப்டி போவ சொல்றது? இத வெளிய சொன்னா உன் பேருதான் நாறும், எனக்கும் பேஜாரு" என்றான். மைதானத்தில் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. வீரபத்திரனுக்கு ஸ்டியரிங் இனித் திரும்பக் கிடைக்காது. குறைந்தபட்சம் அந்த வீட்டில் அவன் பெயரையாவது துடைத்துக் கொடுக்கலாம் என்று சடையப்பன் பெருநகருக்கு பஸ் ஏறினார்.

வீரபத்திரன் வாசலில் நீலச்சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் பதறிப்போய் நாற்காலியை எடுத்துப் போட்டான். கீர்த்தி டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று சடையப்பன் உடனே ஆரம்பித்தார்.

"பம்ப் இல்ல வீரா. பெயிண்ட் அடிக்க சொல்லோ ஏர் பைப்புல நான் துணி அடச்சேன். எடுக்க மறந்துட்டேன். அதான் புகை. உன் மேல தப்பே இல்ல, நைனா."

வீரபத்திரன் முகம் மலர்ந்துவிட்டது. கோபம் வரும் என்று பார்த்தால் சிரிக்கிறான்.

"பாத்தியா கீர்த்தி? நான் சொன்னன்ல? மூச்சு முட்டுதுன்னு சொன்னன்ல?" என்று மகளின் தோளைப் பிடித்து உலுக்கினான். "உட்டுத்தள்ளுண்ணே, மறதி யாருக்குத்தான் இல்ல. வந்து சொன்ன பாரு, அந்த மனசு யாருக்கு வரும்!"

கீர்த்தி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் துணிய எப்ப எடுத்தீங்க பெரியப்பா?"

நேற்று எடுத்தேன் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், வீரபத்திரனின் சிரிப்பு அப்படியே இருந்திருக்கும். அதற்கு வாய் வரவில்லை.

"அடுத்த நாளே" என்றார்.

வீரபத்திரனின் கை மகள் தோளிலிருந்து இறங்கியது. சுவரோரம் போய் மெல்ல உட்கார்ந்தான்.

"நீ துணிய எடுத்த அன்னிக்கு சாயந்திரம் உனக்கு போன் அடிச்சிகினே இருந்தேன்ணே" என்றான். குரலில் சண்டை இல்லை. "நீ ஒரு வார்த்த மோகன்கிட்ட சொன்னா கேப்பானேன்னு. நீ எடுக்கல. அண்ணன் கைவேலையா கீறாரு, அப்பறமா எடுப்பாருன்னு கீர்த்திகிட்ட சொல்லிட்டு ஒக்காந்துனு இருந்தேன்."

கீர்த்தி சடையப்பன் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அதில் பாதி டீ அப்படியே இருந்தது.