நான்காவது பெயர்

1. தந்தி

தந்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. நான் மானிப்பாய் ஆஸ்பத்திரியில் என் மகளின் கட்டிலருகே இருந்தேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. நெருப்புக்காய்ச்சல், டைபோயிட் என்பார்களே அது, பன்னிரண்டாம் நாள். வீட்டில் கைக்குழந்தை இருந்ததால் மனைவிக்கு வர முடியவில்லை.

தந்திப் பியோன் வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் நின்றபடியே, "ஐயா, பயப்பிடாதையுங்கோ. சாவுச் சேதியில்லை, கொழும்புக் கந்தோர் அலுவல்தான்" என்றார். தந்தி என்றாலே வீடு முழுக்க அழத் தொடங்கும் காலம் அது. அதனால் அவர் எதையும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்.

ஒத்திவைத்திருந்த சபை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவசரமாகக் கூடுகிறது. தமிழ்ப் பூத்துக்கு மூன்று பேர் கட்டாயம் வேண்டும். அதுதான் சேதி. அனுப்பியவர் எங்கள் பகுதித் தலைவர். சிக்கனமானவர், ஆனால் அன்று 'கட்டாயம்' என்ற சொல்லை இரண்டு தரம் போட்டிருந்தார்.

2. இருபது நிமிடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுவதால் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பாராளுமன்றத்தில் உறுப்பினர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ பேசும்போதே, கண்ணாடிப் பூத்துக்குள் இருந்து நாங்கள் தமிழில் சொல்லிக்கொண்டு போவோம். கீழே இருப்பவர்கள் காதுக்கருவியில் கேட்பார்கள். ஒருவருக்கு இருபது நிமிடம்தான் முறை. அதற்குமேல் போனால் மூளை கேட்டதையே திருப்பிக் கேட்கும். இரண்டு பேரை வைத்து ஒரு நாள் முழுக்க ஓட்ட முடியாது.

முறை மாறுவதற்கு எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. அடுத்தவர் இரண்டு நிமிடம் முந்தியே வந்து பக்கத்துக் கதிரையில் இருப்பார். பேசமாட்டார். தன் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு பேச்சின் போக்கைப் பிடிப்பார். வசனம் முடிகிற இடத்தில் உங்கள் முழங்கையை ஒரு விரலால் தொடுவார். அடுத்த வசனம் அவருடையது. தொடாமல் எழும்பக்கூடாது, தொட்ட பிறகு இருக்கவும் கூடாது.

இந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் வட்டுக்கோட்டைச் சின்னத்தம்பி அண்ணை. எங்கள் நாலு பேரில் மூத்தவர். ஆங்கில வசனம் முற்றுப்புள்ளிக்கு வரும்வரை வாய் திறக்கமாட்டார். வந்த பிறகு முழு வசனத்தையும் அழகாகத் தமிழில் வைப்பார். அதற்குள் சபையில் ஆறு வசனம் ஓடியிருக்கும். மந்திரி பேசி முடித்து இருந்துவிட்டார், தமிழ் இன்னும் நிற்கிறது என்று உறுப்பினர்கள் முறைப்பட்டார்கள்.

றோஸ்டர், அதாவது முறைப் பட்டியல், எழுதுவது என் பொறுப்பு. 'பின்தங்குகிறார், சுட்டிப் பகுதிக்கு மாற்றலாம்' என்று நான் தலைவருக்குக் குறிப்பு எழுதினேன். மாற்றினார்கள்; அங்கே சபை அறிக்கைகளுக்குப் பொருளட்டவணை போடுவதுதான் வேலை, பேச வேண்டியதில்லை. அவருடைய இடத்துக்குப் புது ஆள் இன்னும் வரவில்லை. ஆக மூன்று பேர்: கொழும்பிலேயே வீடுள்ள மிஸ் செல்லையா, பண்டத்தரிப்புக் கதிரவேலு, நான்.

இரண்டாவது பிழையும் என்னுடையதுதான். ஒரே நேரத்தில் இருவருக்கு லீவு இல்லை என்பது விதி. ஆனால் கதிரவேலுவின் மகளுக்குச் சாமத்தியவீடு, பெரியபிள்ளையான சடங்கு. நான் குடும்பத்தோடு வராவிட்டால் தன் செத்தவீட்டுக்கும் வரவேண்டாம் என்று கதிரவேலு சொல்லிவிட்டார். சபைதான் ஒத்திவைத்தாயிற்றே என்று இருவர் பெயரையும் லீவில் போட்டேன். சாமத்தியவீடு ஞாயிறு முடிந்தது. எனக்குப் போகக் கிடைக்கவில்லை. அன்றைக்கு மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்து நாலு நாள்.

3. வெங்காயப் பாத்தி

கதிரவேலுவுக்கு ஒரு துண்டு எழுதி, பண்டத்தரிப்பு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். அவர் புதன் காலை கொழும்பு வண்டிக்கு வந்துவிடுவார். மூன்றாவது ஆள்தான் நான். மகள் என் விரலைப் பிடித்தபடி கண்ணை மூடிக் கிடந்தாள். இந்த இரண்டு மூன்று நாள்தான் முக்கியம் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

ஒரே வழிதான் தெரிந்தது: லீவில் ஊருக்கு வந்திருந்த சின்னத்தம்பி அண்ணை. மகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று வாட்டு நர்ஸ் சிஸ்டரிடம் கேட்டேன். "ரெண்டு மணிவரைக்கும் என்ரை டியூட்டி. அதுக்கிடையிலை வந்து கதிரையிலை இருந்திட வேணும்" என்றார்.

வட்டுக்கோட்டைக்குச் சைக்கிள் மிதித்தேன். வழி முழுக்க ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்றாக மன்னிப்பு வசனங்கள் செய்து பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை.

அண்ணை தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். முழங்கால்வரை சேறு. என்னைக் கண்டார். பாத்தி நிரம்பும்வரை பார்த்து நின்று, மண்வெட்டியால் ஒரு வெட்டு மண் போட்டு வாயை அடைத்து, அடுத்த பாத்திக்குத் திறந்துவிட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, இஞ்சையும் நான் பின்தங்குறனோ எண்டு பாக்க வந்தனீரோ?"

அந்தச் சொல் என் குறிப்பில் மட்டுமே இருந்தது.

"அண்ணை, அதை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும். வாசிச்சுக் காட்டித்தானே கதிரையை மாத்தினவை. நீர் எழுதினது பொய்யெண்டு நான் சொல்லேல்லை. என்னட்டை ஒருக்கால் சொல்லிப்போட்டு எழுதியிருக்கலாம்."

தந்தியை நீட்டினேன். சேற்றுக் கை படாமல் எட்ட நின்று வாசித்தார். நீர் ஏன் போகேல்லை என்று கேட்டார். மகளைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தினையாம் நாள்?"

"பன்ரண்டு."

"அப்ப நீர் அசையக்கூடாது." மண்வெட்டியைச் சாத்தி வைத்தார். "பேனை வைச்சிருக்கிறீரோ? என்ரை பேரை எழுதும். உம்மடை கையாலை. முதல் முறையைக் கதிரவேலு எடுக்கட்டும். மாசக்கணக்காச் சுட்டியோடையும் வெங்காயத்தோடையும் கதைச்ச தொண்டை, கொஞ்சம் சூடேற வேணும்."

சைக்கிள் சீற்றில் தந்தியை வைத்து அதன் பின்பக்கத்தில் முதலில் எங்கள் மூன்று பேரையும் எழுதினேன். என் பெயரை வெட்டவில்லை. மூன்று பெயருக்கும் கீழே நான்காவதாக அவருடையதைப் போட்டேன். திரும்பும் வழியில் தபாற்கந்தோரில் இறங்கித் தலைவருக்குத் தந்தி அடித்தேன். நான் கதிரைக்கு வந்தபோது இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது. நான் கதிரைக்கு வந்தபோது இரண்டு மணிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

4. முறை

வியாழன் பத்து மணி. ஆஸ்பத்திரி மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தேன். காய்ச்சல் நூற்றுநாலைத் தொட்டது. ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போட்டேன். பத்து இருபது, பத்து நாற்பது என்று முறைமுறையாகத்தான் அந்த நாளைக் கடக்க முடிந்தது. வேறு எப்படி எண்ணுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அங்கே நடந்ததைப் பிறகு கதிரவேலு சொன்னார். வெள்ள நிவாரணம் பற்றிய விவாதம். பின்னேரம் மந்திரி எழும்பி ஆங்கிலத்தில், ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணி வழங்கப்படும் என்றார். நிறுத்தினார். கடதாசியைப் புரட்டினார். தண்ணீர் குடித்தார். பூத்தில் சின்னத்தம்பி அண்ணை; வாய் திறக்கவில்லை. காதுக்கருவியில் ஒன்றும் கேட்காத உறுப்பினர்கள் சிலர் தலையைத் திருப்பி மேலே பார்த்தார்கள். அதன் பிறகுதான் மந்திரி மிச்சத்தைச் சொன்னார்: அப்படி வாக்குக் கொடுத்தவர்கள் எதிர்ப்பக்கத்தில் இருப்பவர்கள். அண்ணை வசனத்தை முழுசாக எடுத்துத் தமிழில் வைத்தார்.

"நானெண்டால் அண்டைக்கே எல்லாருக்கும் காணியை எழுதிக் குடுத்திருப்பன்" என்றார் கதிரவேலு.

வெள்ளி விடியக் காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. சனிக்கிழமை மகள் கஞ்சி கேட்டாள். இனிப் பயமில்லை, போய்ப் படுங்கோ என்று சிஸ்டர் சொன்னார். என்னால் எழும்ப முடியவில்லை. நான் எழும்பினால் காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று ஒரு எண்ணம்.

பின்னேரம் அண்ணை வந்தார். கொழும்பு வண்டியால் இறங்கி நேரே வந்திருந்தார், கையில் பை. பக்கத்தில் கிடந்த கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பிள்ளை மூச்சு விடுவதைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் பேசாமல் இருந்தார். பிறகு என் முழங்கையை ஒரு விரலால் தொட்டார்.

"எழும்பும் தம்பி. உம்மடை முறை முடிஞ்சுது."

விறாந்தை வாங்கில் படுத்தேன். விழித்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். உள்ளே அவர் மகளுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார், ஒவ்வொரு வசனத்தையும் ஆறுதலாக, அவசரமில்லாமல் முடித்து.

அவரைத் திரும்ப எடுக்கச் சொல்லித் தலைவருக்கு எழுதிய குறிப்பை அவருக்கு முதலில் வாசித்துக் காட்டினேன். 'பின்தங்குகிறார்' என்பதை வெட்டவேண்டாம் என்றார். 'தேவையான அளவு' என்று முன்னுக்குச் சேர்க்கச் சொன்னார். அப்படியே அனுப்பினேன். ஓய்வுபெறும்வரை பூத்தில் இருந்தார்.

றோஸ்டர் எழுதப்போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். மூன்று பேர் போதும் என்றால் நாலு பெயர் எழுதுங்கள். ஒருவரைப் பற்றி எழுதுவதானால் அவரிடம் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

மகளுக்கு இப்போது பதின்மூன்று வயது. சாதாரணத் தடிமன், மூக்குச்சளி வந்தாலும் நான் போய்க் கட்டிலருகே இருந்துவிடுவேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழும்ப மனம் வராது. மனைவி வந்து பக்கத்தில் இருப்பாள். கொஞ்ச நேரம் பேசமாட்டாள். பிறகு முழங்கையைத் தொடுவாள்.

எழும்பிவிடுவேன்.