கூட்ரோட்டில் திருப்பாத பாடை

எங்கள் கூட்ரோட்டுக்கு எந்த மேப்பிலும் பெயர் கிடையாது. கிழக்கே போனால் காஞ்சிபுரம், மேற்கே தாமல் ஏரி, வடக்கே எங்கள் ஊர், தெற்கே சுடுகாடு. நான்கும் சேருகிற இடத்தில் ஒரு டீக்கடை, ஒரு சலூன், அப்பாவின் பஞ்சர் கடை. பாவு மூட்டையோடு டவுனுக்குப் போகிற நெசவாளிகளும் நெல் ஏற்றிய டிராக்டர்காரர்களும் அங்கே நின்று காற்றடித்துக்கொண்டுதான் போவார்கள். அதன் சரித்திரம் இவ்வளவுதான். பிறகு ரோட்டை அகலப்படுத்துகிறேன் என்று வந்து கடைகளை இடித்தார்கள். நடுவில் இடுப்பளவு கான்கிரீட் சுவர் எழும்பியது. கண்ணெதிரே தெரிகிற சுடுகாட்டுக்கு இப்போது எங்கேயோ போய்ச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நாசமாய்ப் போகிற சுவர்!

எங்கள் பக்கம் சாவில் ஒரு முறை உண்டு. முகம் வீட்டைப் பார்த்தபடி பாடையைத் தூக்கி வருவார்கள். கூட்ரோட்டில் இறக்கி, சுடுகாட்டைப் பார்க்கத் திருப்பி, மறுபடி தூக்குவார்கள். திருப்பாவிட்டால் செத்தவருக்கு வீட்டு வழி மறக்காதாம், வந்துகொண்டே இருப்பாராம்.

அப்பா செத்தபோது அந்தச் சுற்றுவழிக்குத் தோளில் தூக்க முடியாது என்று வண்டி வைத்தோம். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிடுவார்கள். அங்கே அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட்ரோட்ல மறக்காம திருப்பிடுங்கப்பா. பாவம், இங்கியே சுத்திக்கினு கெடப்பாரு."

கூட்ரோடு வந்தது. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. "இங்க நிறுத்தினா அடிச்சிட்டுப் போயிடுவான்பா" என்றார் டிரைவர். சித்தப்பா என்னைப் பார்த்தார். கொள்ளி வைக்கிற மகன் நான். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? திருப்பாமலே கொண்டுபோய் எரித்துவிட்டு வந்தோம்.

வீட்டில் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "திருப்புனீங்களா?"

"திருப்பிட்டோம்மா."

அந்தப் பொய்யோடுதான் இத்தனை மாதம் சோறு தின்றேன். அம்மா வாசல் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டாள். "நாய் உள்ள வருது, சாத்தும்மா" என்று தினமும் கத்துவேன். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டாள். போன வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது அடுப்படி வரை நாய் வந்துவிட்டது. நான் எழுந்து கதவைப் படாரென்று அடித்துச் சாத்தினேன்.

"தெற" என்றாள் அம்மா. "ஒங்கப்பாவ திருப்பலன்னு கருமாதி அன்னிக்கே ஒன் சித்தப்பா சொல்லிட்டாரு."

கதவைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "ஏம்மா என்னைக் கேக்கல?"

"கேட்டா அழுவ. அதான்."

"மன்னிச்சிடும்மா" என்றேன். அவள் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"நா போனாலும் அந்த எடத்துல திருப்பாதப்பா. அவரு இங்க வந்துக்கினு இருக்காரு. நா மட்டும் தனியா எங்க போறது?"